கணினி கேள்வி - பதில்: டி டிரைவில் போட்டு வைத்தால் அது பேக்கப்பா?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததில் இருந்து வருகிற கடிதங்களில் ஒரே கவலைதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. புது கணினிக்கு மாறுவதற்குள் பழையதில் இருப்பதை எப்படிப் பத்திரப்படுத்துவது? அதனால் இந்த முறை பேக்கப் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். மென்பொருள் எதையும் வாங்கச் சொல்லப்போவதில்லை. கணினியோடு வருவதை வைத்தே பார்ப்போம்.

கே: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். சி டிரைவ் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பயந்து, ஃபோட்டோ, கடிதம், கணக்கு வழக்கு எல்லாவற்றையும் டி டிரைவில் வைத்திருக்கிறேன். அங்கேயே ‘பேக்கப்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு மாதாமாதம் காப்பியும் எடுக்கிறேன். என் மகன் அது பேக்கப்பே இல்லை என்கிறான். யார் சொல்வது சரி?

ப: மகன் சொல்வதுதான் சரி, ஐயா. ஆனால் மாதம் தவறாமல் உட்கார்ந்து காப்பி எடுக்கிற பழக்கம் உங்களிடம் இருக்கிறதே, அது பலரிடம் இல்லாதது. இடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி என்பவை இரண்டு டிஸ்க் இல்லை. ஒரே டிஸ்க்கின் குறுக்கே கோடு கிழித்து இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸைத் திரும்ப நிறுவும்போது சி-யை மட்டும் ஃபார்மேட் செய்தால் டி தப்பிக்கும். டிஸ்க்கே செத்துப்போனாலோ, லேப்டாப் திருட்டுப் போனாலோ இரண்டும் சேர்ந்தே போய்விடும். உங்கள் கணினியில் எப்படி என்று பார்க்க, ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். கீழ்ப் பாதியில் ‘டிஸ்க் 0’ என்ற ஒரே வரிசையில் சி-யும் டி-யும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மகன் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம்.

சரி, என்ன செய்யலாம்? தனியாக ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேண்டும், அதில் சமரசம் இல்லை. அதைச் செருகிவிட்டு கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி என்பதைத் திறங்கள். 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்த வசதி இது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் பக்கம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, பழைய கண்ட்ரோல் பேனலுக்குள்தான் ஒளிந்திருக்கிறது (நல்ல வசதியை ஏன் இப்படி மூலையில் போட்டார்கள் என்று எனக்குத் தீராத எரிச்சல்). ‘டர்ன் ஆன்’ பொத்தானை அழுத்தினால் வேலை தொடங்கிவிடும். அதற்குப் பிறகு டிஸ்க் செருகியிருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை, மாறிய கோப்புகளை மட்டும் அதுவே எடுத்து வைக்கும்.

நீங்கள் கையால் எடுக்கும் காப்பிக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. உங்கள் முறையில் புதிய கோப்பு பழையதின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் போன வாரம் ஒரு கடிதத்தில் 2 பக்கத்தைத் தெரியாமல் அழித்திருந்தால் அந்தத் தவறும் பத்திரமாக பேக்கப் ஆகிவிடும். ஃபைல் ஹிஸ்டரி பழைய வடிவத்தையும் விட்டு வைத்து, ஒவ்வொன்றின் பெயரிலும் தேதியையும் நேரத்தையும் சேர்த்து எழுதும். அந்த நேரம் உலகப் பொது நேரமான யூடிசி கணக்கில் இருக்கும், உங்கள் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம். எல்லாம் சாதாரணக் கோப்புகளாகத்தான் இருக்கும் என்பதால் அந்த டிஸ்க்கை வேறு எந்தக் கணினியில் செருகியும் நேரடியாகத் திறந்து படிக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

இனி உங்களுக்கென்றே உள்ள சிக்கலுக்கு வருகிறேன். ஃபைல் ஹிஸ்டரி டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ், டெஸ்க்டாப் போன்ற ஃபோல்டர்களைத்தான் தானாக எடுக்கும். உங்கள் சொத்தெல்லாம் டி-யில் இருக்கிறது, அது அங்கே எட்டிப் பார்க்காது! பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள், ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். டி-யில் இருக்கும் அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘இன்க்ளூட் இன் லைப்ரரி’ கொடுத்து, டாக்குமென்ட்ஸ் லைப்ரரியில் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் 11-ல் முதலில் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ அழுத்தினால்தான் இது தெரியும். சேர்த்த பிறகு அடுத்த சுற்றில் அதுவும் பேக்கப்பில் வந்துவிடும்.

இன்னொன்று. பழைய வடிவங்களை எவ்வளவு காலம் வைப்பது என்ற இடத்தில் ‘ஃபாரெவர்’ என்று இருக்கும். அப்படியே விட்டால் ஒருநாள் டிஸ்க் நிரம்பி வேலை நின்றுபோகும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் போய், இடம் தேவைப்படும்போது பழையதை அழித்துக்கொள் என்ற தேர்வுக்கு மாற்றிவிடுங்கள்.

கே: ஒன்டிரைவில் எல்லா ஃபோல்டருக்கும் பச்சை டிக் வந்துவிட்டது. அப்புறம் எதற்கு தனி டிஸ்க்?

ப: ஒன்டிரைவ் என்பது மைக்ரோசாஃப்ட் இணையத்தில் தரும் சேமிப்பு இடம். பச்சை டிக்குக்கு, இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். அதாவது இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு ‘எனக்கு இன்னொரு ஆள் துணைக்கு இருக்கிறார்’ என்று சொல்வது மாதிரி. தனிநபர் கணக்கில் அழித்த கோப்பு ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் மீட்கலாம். 31-ஆவது நாள்தான் கவனிக்கிறீர்கள் என்றால்?

விண்டோஸில் இப்போது ‘விண்டோஸ் பேக்கப்’ என்றே ஒரு செயலி வருகிறது, பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதுவும் இந்த ஒன்டிரைவுக்குத்தான் ஃபோல்டர்களை அனுப்புகிறது, கூடவே உங்கள் செட்டிங்ஸையும் என்னென்ன செயலிகள் வைத்திருந்தீர்கள் என்ற பட்டியலையும் எடுத்துக்கொள்ளும். புது கணினிக்கு மாறும்போது அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இலவச இடம் 5 ஜிபி. இன்றைக்கு ஒரு சுற்றுலா வீடியோவுக்கே அது காணாது.

இன்னும் ஒரு விஷயம், பலர் கவனிக்காதது. சில கோப்புகளுக்குப் பக்கத்தில் பச்சை டிக்குக்குப் பதிலாக மேகப் படம் இருக்கும். அவை உங்கள் கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஃபைல் ஹிஸ்டரி அவற்றை எடுக்காது. முக்கியமான ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்தால் உள்ளே இறங்கிவிடும், பிறகு எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

கே: கண்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்று ஒன்று இருக்கிறது. என்னுடையது விண்டோஸ் 11. தொடலாமா? அதில் சிஸ்டம் இமேஜ் என்று ஒன்று சொல்கிறார்களே?

ப: தொடலாம், வேலையும் செய்யும். ஆனால் அது வயதான குதிரை. 2017-லேயே மைக்ரோசாஃப்ட் சிஸ்டம் இமேஜ் வசதியை இனி வளர்க்கப்போவதில்லை என்று சொல்லி, வேறு நிறுவனங்களின் மென்பொருளைப் பாருங்கள் என்று கைகழுவிவிட்டது. இருந்தும் இன்றுவரை எடுத்துவிடவில்லை.

சிஸ்டம் இமேஜ் என்பது விண்டோஸ், நிறுவிய மென்பொருள்கள், உங்கள் கோப்புகள் என்று டிஸ்க்கில் இருக்கிற எல்லாவற்றையும் அந்த நிமிடத்தில் இருந்தபடியே பிடித்து வைப்பது. திரும்பப் போட்டால் டிஸ்க் முழுவதும் அந்த நாளுக்கே போய்விடும், அதற்குப் பிறகு நீங்கள் சேர்த்தது எதுவும் மிஞ்சாது. அதனால் இதை அன்றாட பேக்கப்பாக நினைக்காதீர்கள். புது கணினி வாங்கி, தேவையானதையெல்லாம் நிறுவி, பிரின்டர் முதற்கொண்டு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று ஆன அன்றைக்கு ஒரு இமேஜ் எடுத்து வைப்பது என் வழக்கம். பிறகு ஏதாவது பெரிய மாற்றம் செய்யும்போது இன்னொன்று.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை: எக்ஸ்டர்னல் டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். இமேஜ் வந்து விழும் ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ ஃபோல்டரின் பெயரை மாற்றக்கூடாது, அழகாக அடுக்குகிறேன் என்று வேறொரு ஃபோல்டருக்குள் தள்ளவும் கூடாது, தள்ளினால் மீட்கும் நேரத்தில் விண்டோஸ் ‘இமேஜ் எதுவும் இல்லையே’ என்று கைவிரித்துவிடும். புதிதாக மாட்டும் டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தாலும் மீட்க முடியாது.

கணினியே எழுந்திருக்காதபோது அந்த இமேஜை எங்கிருந்து திறப்பது? அதற்குத்தான் ரிகவரி டிரைவ். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரில் தேடினாலே வரும். குறைந்தது 16 ஜிபி பென்டிரைவ் வேண்டும், உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் எழுதும் என்பதால் காலியானதாகக் கொடுங்கள். இதில் உங்கள் சொந்தக் கோப்புகள் எதுவும் போகாது, இது கணினியை எழுப்பி உட்கார வைக்க மட்டும்.

விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கும், சொந்தக்காரருக்கே அது தெரியாது. மீட்கும் நேரத்தில் 48 இலக்க பிட்லாக்கர் (அந்தப் பூட்டின் பெயர்) சாவி எண்ணைக் கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் கிடைக்கும். இன்றைக்கே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் ஒரு கோப்பாகச் சேமித்து வைத்த ஒருவரை எனக்குத் தெரியும், பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி.

கே: சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

ப: சிஸ்டம் ரீஸ்டோர் விண்டோஸின் அமைப்புகளையும் டிரைவர்களையும் (பிரின்டர் போன்றவற்றை இயக்கும் மென்பொருள்) பழைய நிலைக்குக் கொண்டுபோகும். உங்கள் ஃபோட்டோவையும் கடிதத்தையும் அது பேக்கப் எடுப்பதே இல்லை. தவறான டிரைவர் போட்டு மாட்டிக்கொண்டால் உதவும், அதோடு சரி.

கே: மேக் வைத்திருக்கிறேன். எனக்கும் சொல்லுங்களேன்.

ப: உங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் நல்ல செய்தி. 2007-ல் இருந்தே டைம் மெஷின் இருக்கிறது. டிஸ்க்கைச் செருகி, சிஸ்டம் செட்டிங்ஸில் டைம் மெஷினுக்குப் போய் அந்த டிஸ்க்கைச் சேர்த்துவிட்டால், கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தைய காலத்துக்கு வாரத்துக்கு ஒன்று என்று அதுவே வைத்துக்கொள்ளும். நிரம்பினால் மிகப் பழையதைத் தானே தூக்கிப் போடும். டிஸ்க்கின் அளவு மேக்கின் கொள்ளளவைப் போல 2 மடங்காவது இருக்கட்டும் என்பது ஆப்பிளே சொல்லும் கணக்கு. டிஸ்க்கை அது ஃபார்மேட் செய்யக் கேட்கலாம், எனவே ஏற்கனவே படங்கள் நிறைந்த டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். ‘என்கிரிப்ட்’ தேர்வு செய்தால் அந்தக் கடவுச்சொல்லை மறக்கக்கூடாது. மறந்தால் அந்த பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது.

கே: ரோபோகாப்பி கட்டளையை ‘மிர்’ சேர்த்து ஓட்டினால் ஒரே வரியில் பேக்கப் முடிந்துவிடும் என்று நண்பன் சொல்கிறான். ஓட்டலாமா? (கல்லூரி மாணவி)

ப: ஓட்டலாம்மா. ஆனால் முதலில் என் கதையைக் கேட்டுவிட்டு ஓட்டு.

ரோபோகாப்பி 2007-ல் விஸ்டா வந்ததில் இருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, கட்டளை தட்டி கோப்புகளை நகலெடுக்க அருமையான கருவி. பாதியில் நின்றால் தொடரும், மாறாததைத் தொடாது, லட்சக்கணக்கான கோப்புகளையும் அசராமல் நகர்த்தும். ‘மிர்’ என்பது மிரர், அதாவது மூலத்தில் இருப்பதுதான் இலக்கிலும் இருக்க வேண்டும், மூலத்தில் இல்லாதது இலக்கில் இருந்தால் அழித்துவிடு என்று பொருள். ஒருமுறை புது டிஸ்க் வாங்கிய உற்சாகத்தில், மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றித் தட்டிவிட்டேன். புது டிஸ்க் காலி. ரோபோகாப்பி நல்ல பிள்ளையாக அந்தக் காலியை அப்படியே என் ஃபோட்டோ ஃபோல்டருக்குள் நகலெடுத்தது! சில நொடிகளில் ஃபோல்டரும் காலி. ரீசைக்கிள் பின்னிலும் எதுவும் இல்லை, ஏனென்றால் இந்த வழியில் அழிவது அங்கே போவதே இல்லை. இன்னொரு பழைய டிஸ்க்கில் 5 வாரத்துக்கு முந்தைய நகல் இருந்ததால் பிழைத்தேன். அந்த 5 வாரப் படங்கள் போனது போனதுதான்.

அதனால், கட்டளையின் கடைசியில் முதலில் ஒரு ஸ்லாஷும் ‘எல்’ என்ற எழுத்தும் சேர்த்து ஓட்டு. எதையும் தொடாமல் என்னென்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். அழிக்கப்போவதாக நீளமாக வரிகள் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பேக்கப்புக்கு ‘மிர்’ தேவையே இல்லை என்பது என் கட்சி. ஸ்லாஷ் ‘ஈ’ போட்டால் உள் ஃபோல்டர்களோடு எல்லாம் காப்பி ஆகும், எதையும் அழிக்காது. கொஞ்சம் குப்பை சேரும், சேரட்டுமே. சரியாக வருகிறது என்று உறுதியான பிறகு டாஸ்க் ஷெட்யூலரில் மாட்டிவிடு, வாரம் ஒரு முறை அதுவே ஓடும்.

லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு இதே மாதிரி நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை இருக்கிறது, அதிலும் இதே ஆபத்து ‘டெலீட்’ என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது, ‘ட்ரை ரன்’ போட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். லினக்ஸ் மின்டில் வரும் டைம்ஷிஃப்ட் தானாக எடுப்பது கணினி அமைப்பை மட்டும்தான். உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை எடுக்காது, அதைத் தனியாகப் பாருங்கள்.

கே: 3 வருடமாக பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க் போன அன்று திறந்தால் கணக்கு ஃபோல்டர் அதில் இல்லவே இல்லை. எப்படி?

ப: உங்கள் கடிதத்தைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. எப்படி என்றால், மேலே ஆசிரியருக்குச் சொன்ன அதே காரணமாகத்தான் இருக்கும். ஃபோல்டர் இருந்த இடத்தை பேக்கப் பார்க்கவே இல்லை, அதை யாரும் திறந்தும் பார்க்கவில்லை. நீங்கள் மட்டும் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். 5 விதமான பேக்கப் ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள், போய்ப் பார்த்தால் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன்னால் ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்திருந்த ஒரு நகலை வைத்துத்தான் மீண்டார்கள், நடுவில் இருந்த 6 மணி நேரத் தரவு போய்விட்டது. கணினியே தொழிலாக இருப்பவர்கள் கதை இது.

அடுத்த டிஸ்க்கில் தொடங்கும்போது மாதம் 10 நிமிடம் ஒதுக்குங்கள். ஃபைல் ஹிஸ்டரியில் ‘ரீஸ்டோர் பர்சனல் ஃபைல்ஸ்’ திறந்து, ஆழத்தில் கிடக்கும் ஒரு பழைய கோப்பையும் நேற்று மாற்றிய ஒரு கோப்பையும் தேர்ந்தெடுத்து, பல்சக்கரப் படத்தை அழுத்தி ‘ரீஸ்டோர் டு’ கொடுத்து வேறொரு ஃபோல்டரில் இறக்குங்கள். பழைய இடத்திலேயே இறக்கினால் இப்போதைய கோப்பின் மேல் எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. இறக்கியதும் பெயரைப் பார்த்துத் திருப்திப்படாமல் திறந்து, கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். வீடியோ என்றால் நடுவில் ஓட்டிப் பாருங்கள். ஒரு ஃபோல்டரையாவது ரைட் கிளிக் செய்து, மூலத்திலும் பேக்கப்பிலும் எத்தனை கோப்பு என்று ஒப்பிடுங்கள். ஃபைல் ஹிஸ்டரியில் பழைய வடிவங்களும் சேர்ந்திருக்கும் என்பதால் பேக்கப்பில் எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருந்தால்தான் கவலை.

கே: எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருக்கலாமா?

ப: வசதிதான், ஆனால் 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்த வகை வைரஸ்கள் கண்ணில் படும் எல்லா டிரைவையும் பூட்டும், செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க் உட்பட. மின்னழுத்தம் எகிறினாலும் இரண்டும் சேர்ந்தே அடி வாங்கும். முடிந்தால் 2 டிஸ்க் வையுங்கள்: ஒன்று தினமும் செருகுவதற்கு, மற்றொன்று மாதம் ஒரு முறை காப்பி எடுத்துவிட்டு வேறொரு வீட்டில், உறவினரிடமோ நண்பரிடமோ கொடுத்து வைப்பதற்கு. 3 நகல், 2 வகை ஊடகம், 1 வெளியிடத்தில் என்று துறையில் சொல்லும் 3-2-1 கணக்கும் ஏறக்குறைய இதுதான். ஒரே டிஸ்க்தான் முடியும் என்றால், பேக்கப் முடிந்ததும் முறைப்படி ‘எஜெக்ட்’ செய்து பிடுங்கி வையுங்கள்.

கே: பென்டிரைவ் போதாதா?

ப: நாலு கடிதத்தை எடுத்துப் போக போதும். வருடக்கணக்கில் மேஜை இழுப்பறையில் போட்டு வைக்க வேண்டாம். பழைய ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆன பென்டிரைவ் என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வாங்கவே வாங்காது, பெரிய வீடியோ ஏறாமல் மறுப்பது அதனால்தான்.

கே: ஹார்ட் டிஸ்க்கில் இருந்து இரண்டு நாளாக ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. சிஸ்டம் இமேஜ் எடுத்துவிடட்டுமா?

ப: வேண்டாம், அவசரம்! இமேஜ் எடுக்க டிஸ்க் முழுவதையும் படிக்க வேண்டும், பாதியில் செத்தால் கையில் எதுவும் இருக்காது. டிஸ்க் செக் செய்கிறேன், வைரஸ் ஸ்கேன் ஓட்டுகிறேன் என்று எதையும் தொடங்காதீர்கள், அது ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு இழுங்கள். முதலில் கணக்கு, சான்றிதழ் போன்ற சின்னக் கோப்புகள், அப்புறம் ஃபோட்டோக்கள், வீடியோக்கள் கடைசியில். திரும்ப நிறுவக்கூடிய மென்பொருளையும் இறக்கிய சினிமாவையும் தொடவே தொடாதீர்கள். ஒரு கோப்பில் மாட்டிக்கொண்டு நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டிஸ்க் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டால், திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுப் பார்க்காமல் அப்படியே கழற்றி, தரவு மீட்பு செய்கிறவர்களிடம் கொண்டுபோங்கள்.